எட்டாவது கட்டை

"கண்ணை மூடும், பிள்ளை. நான் இப்ப எந்த விரலைப் பிடிச்சிருக்கிறன், சொல்லும் பாப்பம்."

சிவகௌரி கண்ணை மூடினாள். பியானோவின் மேல் விரிந்து கிடந்த அவளுடைய வலக்கையின் சின்னவிரலை அருமைநாயகி பிடித்திருந்தாள். முதலில் மெல்ல அமத்தினாள். பிறகு நகம் பதியும்படி கிள்ளினாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "மோதிரவிரல், டீச்சர்" என்றாள்.

அருமைநாயகி விரலை விட்டுவிட்டு, கண்ணைத் திறக்கச் சொன்னாள். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"எப்ப தொடக்கம் இப்பிடி?"

"கொஞ்ச நாளா. விறைச்ச மாதிரி இருக்கு. ஆனா வாசிக்கலாம், டீச்சர். பாத்துப் பாத்து வைச்சா வாசிக்கலாம்."

"விரல் மெசினை எவ்வளவு நேரம் போடுறீர்?"

"பள்ளிக்கூடத்தால வந்து போடுவன். பிறகு படுக்கேக்கையும்."

"படுக்கேக்கையுமா? ஆர் போடச் சொன்னது?"

சிவகௌரி பாடப் புத்தகத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். கடைசியில், "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ, டீச்சர்" என்றாள். "விரல் சோம்பல்பட்டுப் போச்செண்டு இன்னும் இறுக்குவா."

1986ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் அது. கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் அருமைநாயகியின் வீட்டு முன்னறையில் சோபா வைக்க இடமில்லை. முழுவதையும் ஒரு பழைய பியானோ பிடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் பியானோ படிப்பித்தவள். 1983 கலவரத்துக்கு அடுத்த வருடம் கணவன் யாக்கோப்புவோடு லண்டனுக்கு வந்தாள். யாக்கோப்பு ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நின்றவர், பக்கத்துப் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு பட்டறையில் அதே வேலை கிடைத்தது. பிள்ளைகள் இல்லை. வந்து ஒரு வருடத்துக்குள் தமிழ்ப் பிள்ளைகள் பியானோ பழக வரத் தொடங்கினார்கள். லண்டனுக்கு வந்த தமிழ்த் தாய்தகப்பன்மாருக்குப் பரீட்சை, சோதனை என்றால் உயிர். பியானோவிலும் எட்டு வகுப்புச் சோதனை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் நித்திரை கொள்ளவில்லை.

சிவகௌரிக்குப் பதின்மூன்று வயது. அப்டன் பார்க்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் பத்மநாதனின் மகள். அருமைநாயகியிடம் வந்த பிள்ளைகளில் இவளுடைய காதுதான் மிகக் கூர்மை. கைதான் சின்னது. எட்டாம் வகுப்புப் பாடங்களில் பெருவிரலை ஒரு கட்டையில் வைத்தால் சின்னவிரல் அதிலிருந்து எட்டாவது கட்டையில் விழ வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். சிவகௌரியின் கைக்கு ஏழுதான் எட்டும். ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டைக்கு ஒரு நூலளவு முன்னால் விரல் விழுந்து, பிழையான ஒலி ஒன்று எழும்பும். பிள்ளை உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

அந்த உதட்டைக் கடிக்கிறது அருமைநாயகிக்கு நன்றாகத் தெரிந்த விடயம். அவளுடைய கையும் சின்னக் கைதான். இளமையில் கொழும்புக்குப் போய்ப் பெரிய சோதனை எடுத்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பரிசோதகர் அவளுடைய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாவம்" என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். அதற்கு மேல் அவள் போகவில்லை.

இதை யாக்கோப்புவிடம் ஒருநாள் சொன்னாள். அவர் ஒன்றும் பேசாமல் கராஜுக்குள் போனார். அடுத்த கிழமை ஒரு கருவியோடு வந்தார். பெருவிரலுக்கு ஒரு பித்தளைக் கொளுவி, சின்னவிரலுக்கு ஒரு பித்தளைக் கொளுவி, உள்ளே மெத்தென்று ரப்பர், விரலைக் கட்ட மெல்லிய தோல் வார். இரண்டுக்கும் நடுவில் மரை வெட்டிய இரும்புக் கம்பி. நடுவிலுள்ள காது வைத்த நட்டைத் திருகத் திருகக் கொளுவிகள் விலகிப் போகும், கை விரியும். அருமைநாயகி தன் கையிலேயே முதலில் போட்டுப் பார்த்தாள். ஒரு மாதத்தில் கை கொஞ்சம் இளகியது என்றுதான் அவளுக்குப் பட்டது. அந்தச் சந்தோசத்தில் சிவகௌரிக்கும் ஒன்று செய்யச் சொன்னாள். தேநீர் குடிக்கிற நேரம் மட்டும் போட வேண்டும், நோகத் தொடங்கினால் கழற்ற வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

கோடை முடிவதற்குள் சிவகௌரியின் சின்னவிரல் எட்டாவது கட்டையின் விளிம்பைத் தொட்டுவிட்டது. கதை பரவ எவ்வளவு நேரம் எடுக்கும்? மற்ற வீடுகளிலிருந்தும் கேட்டார்கள். யாக்கோப்பு செய்து கொடுத்தார். எல்லாரும் அதை விரல் மெசின் என்றார்கள்.

சிவகௌரியின் விரலைக் கிள்ளிப் பார்த்த அன்று இரவுச் சாப்பாட்டில் அருமைநாயகி கையை வைக்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு விரலில உணர்ச்சி இல்லை. கிள்ளினன், தெரியேல்லை."

யாக்கோப்பு கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சொன்னதுக்கு மேல திருகியிருப்பினம்" என்றார்.

"திருகுவினம் எண்டு எங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். நீங்கள் அதில ஒரு தடையும் வைக்கேல்லை. திருகிக்கொண்டே போகலாம்."

"அப்ப பிழை என்னிலயா? நீர் கேட்டீர், நான் செய்தன்."

"ஓம். நான்தான் கேட்டனான்." அவள் எழும்பினாள். "அதாலதான் நித்திரை வராது."

மறுநாள் கடைக்குத் தொலைபேசி எடுத்தாள். சிவகௌரியின் தாய் செல்வமலர்தான் பேசினாள். சோதனைக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. கருவியை உடனே கழற்றிவைக்க வேண்டும், பிள்ளையை டாக்டரிடம் காட்ட வேண்டும், சோதனையை அடுத்த தவணைக்குத் தள்ளலாம் என்று அருமைநாயகி சொன்னாள்.

மறுமுனையில் செல்வமலர் யாருக்கோ மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தாள்.

"டீச்சர், குறை நினைக்காதேங்கோ," என்றாள் செல்வமலர். "உங்கட கை எட்டேல்லை எண்டுதானே நீங்கள் முன்னறையில இருந்து படிப்பிக்கிறியள். என்ர பிள்ளை அப்பிடி நிக்கப்படாது. இப்பதான் கொஞ்சம் எட்டுது. இதில விட்டா எல்லாம் போச்சு."

அருமைநாயகிக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் கோபம் வரவில்லை. அந்த மனுசி சொன்னதையேதான் தானும் இவ்வளவு காலம் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று பட்டது. சனிக்கிழமை நேரிலேயே போய்க் கருவியை வாங்கிவருவது என்று முடிவு கட்டினாள்.

அப்டன் பார்க் நிலையத்தில் இறங்கியபோதுதான் அன்று கால்பந்து ஆட்டம் என்பது தெரிந்தது. கிரீன் ஸ்ட்ரீட் முழுவதும் சிவப்பும் நீலமுமாகக் கழுத்துத் துணி கட்டிய சனம். குதிரைப் பொலிஸ் நின்றது. சேலைக் கடைக்காரர்களும் இறைச்சிக் கடைக்காரர்களும் ஷட்டரைப் பாதிவரை இழுத்து விட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்தத் தெருவில் அது வழக்கம். அருமைநாயகி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தாள். யாரோ அவளைப் பார்த்து எதையோ கத்தினார்கள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை.

கடையின் ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனபோது ஒருவரும் இல்லை. மேலே, கடைக்கு மேலிருந்த வீட்டில், பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

படியேறிப் போனாள். குசினி மேசையில் சிவகௌரி இருந்தாள். வலக்கை மேசைமேல் விரித்தபடி கிடந்தது. பக்கத்தில் குறடு, கத்தி, நல்லெண்ணெய்ப் போத்தல். செல்வமலரின் முகத்தில் இரத்தமே இல்லை.

"கழருதில்லை, டீச்சர். கழருதில்லை."

அருமைநாயகி குனிந்து பார்த்தாள். தோல் வார் இருந்த இடத்தில் இரண்டு இரும்புக் கிளிப்கள் இருந்தன, குழாயின் மேல் போட்டு இறுக்குகிற சாதிக் கிளிப்கள். வார் வழுக்குகிறது என்று பத்மநாதன்தான் கடைக் குளிர்பெட்டியைத் திருத்தியபோது மிஞ்சியதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு உதவி என்று நினைத்துத்தான். கம்பியின் நட்டைக் குறட்டால் திருகியிருக்கிறார்கள், மரை சிதைந்து நட்டு அப்படியே இறுகிவிட்டது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. கிளிப்பின் திருகாணியும் தலை வழுவழுத்துப் போயிருந்தது. இரும்புக்கு இரண்டு பக்கமும் விரல் உப்பி, சின்னவிரல் கருநீலமாக இருந்தது.

"எவ்வளவு நேரமா இப்பிடி?"

"இரவு போட்டவள். காலமை கழட்ட ஏலாமல் போச்சு. எண்ணெய் விட்டுப் பாத்தன். இவரும் கடைக்குச் சாமான் எடுக்கப் போயிட்டார்."

"அம்புலன்சுக்கு அடிச்சியளா?"

செல்வமலர் அவளுடைய கையை எட்டிப் பிடித்தாள். "வேண்டாம், டீச்சர். கவுன்சில்காரர் வருவினம். பிள்ளையைச் சித்திரவதை செய்யிறம் எண்டு கொண்டுபோயிடுவினம். எங்களுக்கு இன்னும் நிரந்தர விசாவும் கிடைக்கேல்லை."

அருமைநாயகி அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். "கொண்டுபோனா நான் வந்து சொல்லுறன், மெசினைக் குடுத்தது நான் எண்டு. போன் எங்கை?"

ஆம்புலன்ஸ் வரும் என்றார்கள். ஆனால் தெரு மறிபட்டுக் கிடப்பதால் சுணங்கலாம், கையை உயர்த்தி வைத்துக் குளிர் கொடுங்கள் என்றார்கள். அடுத்து வீட்டுக்கு எடுத்தாள். யாக்கோப்பு எடுத்தார். அவள் இரண்டே வசனம்தான் பேசினாள். "வாறன்" என்று மட்டும் சொல்லி அவர் வைத்துவிட்டார்.

கீழே மீன் வைக்கிற பெட்டியிலிருந்து செல்வமலர் ஐசை அள்ளிக்கொண்டு வந்தாள். அருமைநாயகி பிள்ளையின் முழங்கையைத் தன் தோளில் சாய்த்துக் கையை மேலே பிடித்துக்கொண்டாள். மைதானத்திலிருந்து எழும்பிய இரைச்சல் சுவர்களை அதிரப் பண்ணியது. இடைக்கிடை யாரோ ஷட்டரில் அடித்துவிட்டு ஓடுகிற சத்தம். ஒவ்வொரு முறையும் செல்வமலர் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டீச்சர், இப்ப நோகேல்லை," என்றாள் சிவகௌரி.

அது நல்லதல்ல என்று அருமைநாயகிக்குத் தெரியும். "அழுது களைச்சிட்டீர், அதுதான்" என்று பொய் சொன்னாள். பிறகு கர்த்தரை நினைத்தாள். 

யாக்கோப்பு வந்தபோது தனியாக வரவில்லை. அவருக்குப் பின்னால் உயரமான பொலிஸ்காரன் ஒருவன் தலையைக் குனிந்து குசினிக்குள் நுழைந்தான். செல்வமலர் ஐயோ என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காரைத் தூரத்தில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள்ளால் ஓடிவந்தவரை மறித்து, பைக்குள் பார்த்தால் இரும்பு அரிகிற வாள், அரம், சுத்தியல். ஆட்ட நாளில் ஒரு கறுத்த மனுசன் இப்படிப் பையோடு ஓடினால் விடுவார்களா? சொன்னதை நம்பாமல்தான் பொலிஸ்காரன் கூடவே வந்திருக்கிறான். மேசையில் கிடந்த கையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி அடுப்புப் பக்கம் வைத்தான். எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டான்.

பிள்ளையின் மணிக்கட்டை அவன் பிடித்தான். யாக்கோப்பு கம்பியில் வாளை வைத்தார். முதல் இழுப்பிலேயே கம்பி அதிர்ந்து அந்த அதிர்வு எலும்புக்குள் போனது. சிவகௌரி வீரிட்டாள். யாக்கோப்பு வாளை எடுத்துவிட்டார். 

"என்னால ஏலாது, அருமை. கீழ கை கிடக்கு. வாள் தவறினா..."

அருமைநாயகி தன் இடக்கையைக் கம்பிக்கும் பிள்ளையின் உள்ளங்கைக்கும் நடுவில் செருகினாள். சின்னக் கை, அந்த இடைவெளிக்குள் போய்விட்டது.

"இப்ப கீழ இருக்கிறது என்ர கை. அரியுங்கோ."

"விசர்க்கதை கதையாதையும்."

"அரியுங்கோ எண்டுறன்."

அவர் அரிந்தார். குசினி முழுவதும் இரும்பு இரும்பைத் தின்னுகிற சத்தம். பிள்ளை தாயின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள். பொலிஸ்காரன் ஏதோ ஆறுதல் வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். கம்பி டப்பென்று விட்டபோது வாள் கீழே பாய்ந்தது. கொளுவிகள் தளர்ந்தன, விரிந்து கிடந்த கை மெல்லச் சுருங்கியது. அதற்குப் பிறகு கிளிப்கள். அவற்றை அரத்தால் ராவி, கத்தி முனையால் நெம்பி எடுத்தார். விரலின் நிறம் உடனே மாறவில்லை. எல்லாரும் அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நகத்தின் அடியில் கொஞ்சம் சிவப்பு ஊறி வந்தபோது முதலில் மூச்சு விட்டது பொலிஸ்காரன்தான். அவன்தான் அருமைநாயகியின் புறங்கையிலிருந்து இரத்தம் மேசையில் சொட்டுவதையும் காட்டினான். அதுவரை அவளுக்கு அது தெரியவில்லை.

பிந்தி வந்த ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் கருவியின் துண்டுகளை ஒரு தட்டில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். இதைச் செய்தது யார் என்று கேட்டார். நான் என்றார் யாக்கோப்பு. போடச் சொன்னது நான் என்றாள் அருமைநாயகி. இரவில் போட்டுவிட்டது நான் என்று செல்வமலர் தமிழில் சொல்லிவிட்டு, பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். விரல் பிழைக்கும், நரம்பு நசிந்திருக்கிறது, உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகலாம், முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கவுன்சிலிலிருந்து ஒரு பெண் இரண்டு முறை கடைக்கு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனாள். அருமைநாயகி சொன்னபடியே இரண்டு முறையும் போய்ப் பக்கத்தில் இருந்தாள். பிள்ளையை யாரும் கொண்டுபோகவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்து வந்த கையோடு புருசனும் மனைவியும் காரில் புறப்பட்டு, கருவி போன வீடுகளுக்கெல்லாம் போனார்கள். நடந்ததை அருமைநாயகி ஒளிக்காமல் சொன்னாள். கேட்டவுடன் சிலர் பயந்து எடுத்துக் கொடுத்தார்கள். சிலர் கதவிலேயே வைத்துப் பேசினார்கள். லூயிஷாமில் கல்யாணசுந்தரம் என்று ஒருவர், தமிழ்நாட்டுக்காரர், வங்கியில் வேலை. அவர் கொடுக்க மறுத்தார்.

"யாரோ தப்பா யூஸ் பண்ணதுக்கு எங்க பொண்ணு என்ன பண்ணுவா, டீச்சர்? நிர்மலா நீங்க சொன்னபடிதான் போடறா. வேணும்னா கையைப் பாருங்க."

நிர்மலா வந்து கையை நீட்டினாள். அருமைநாயகி கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். பிள்ளை ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னாள்.

"பாத்தீங்களா? நல்லாத்தானே இருக்கு."

"ஓம், நல்லா இருக்கு," என்றாள் அருமைநாயகி. "நல்லா இருக்கேக்கையே தாங்கோ. பிறகு வந்து கேக்க எனக்கு வாய் இராது."

அவர் அவளுடைய புறங்கைக் காயத்தில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எடுத்துவந்தார். ஆனால் நிர்மலா அதற்குப் பிறகு பாடத்துக்கு வரவில்லை. நிர்மலா மட்டுமல்ல. அந்த மாரிகாலத்தில் முன்னறை பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. சேர்ந்த கருவிகளை யாக்கோப்பு பட்டறைக்குக் கொண்டுபோய் உருக்கப் போட்டார். வீட்டுக் கராஜில் கன நாள் விளக்கு எரியவில்லை. இருவரும் அதைப் பற்றிச் சண்டை பிடிக்கவும் இல்லை. அது சண்டையைவிடக் கஷ்டமாக இருந்தது.

பங்குனியில் ஒரு பின்னேரம் வாசலில் மணி அடித்தது. சிவகௌரி நின்றாள். தெருவில் காருக்குள் செல்வமலர் இருந்தாள், இறங்கவில்லை.

"அம்மா வரமாட்டாவாம். வெக்கமாம்," என்றாள் பிள்ளை. "நான் வரலாமோ?"

அவள் பியானோவில் இருந்தாள். சின்னவிரலில் உணர்ச்சி பாதி வந்திருந்தது, நுனி மட்டும் இன்னும் மந்தம். கட்டையை அமத்தும்போது அந்த விரல் தயங்கி ஒரு கணம் பிந்தி விழுந்தது. முன்பென்றால் அருமைநாயகி அந்த விரலைப் பிடித்து வளைவைச் சரிபண்ணியிருப்பாள். இப்போது கதிரையில் கைகளை மடியில் பொத்தி வைத்துக்கொண்டே, கொஞ்சம் உயர்த்தும், கொஞ்சம் வளையும் என்று வாயால் மட்டும் சொன்னாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கையையும் அவள் தொடவில்லை.

சிவகௌரி இரண்டு மூன்று முறை பிழையாகவே செய்துவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு விளங்கேல்லை, டீச்சர். பிடிச்சுக் காட்டுங்கோவன்."

அருமைநாயகி கைகளை மடியிலிருந்து எடுக்கவில்லை. பிள்ளை தானே கையை எடுத்து அவளுடைய மடியில் வைத்தாள். குளிர்ந்த, சின்ன, எடையே இல்லாத கை. அருமைநாயகி அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். பிறகு கட்டைகளின் மேல் கொண்டுபோய் வைத்து, சின்னவிரலைத் தன் விரலால் தாங்கி, வளைவு எங்கே வர வேண்டும் என்று காட்டினாள்.

எட்டுக் கட்டை வருகிற இடங்களில் இரண்டு ஒலியையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி வாசிக்கப் பழக்கினாள். அந்த வருடம் மாரியில் சிவகௌரி எட்டாம் வகுப்புச் சோதனை எடுத்தாள், சாதாரணப் புள்ளியோடு சித்தியடைந்தாள். பதினாறு வயதில் பிள்ளை வளர்ந்து கை தானாகவே எட்டாவது கட்டையில் விழுந்தது. அன்று பாடம் முடிந்த பிறகு யாக்கோப்புவிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

தொண்ணூறுகளில் சிவகௌரி மருந்தாளராகி இல்ஃபோர்டில் வேலைக்குச் சேர்ந்தாள். குளிர்காலத்தில் அந்த விரல்நுனி மற்ற விரல்களைவிடக் கெதியாக விறைத்துப்போகும், கையுறை போடாமல் வெளியே போக மாட்டாள். வேலை முடிந்து வருகிற சில நாட்களில் குட்மேய்ஸில் இறங்கி முன்னறைக்கு வந்து, கையுறையைக் கழற்றி ரேடியேட்டரில் கையைச் சூடு காட்டிவிட்டு வாசிப்பாள். அருமைநாயகி பக்கத்துக் கதிரையில் இருந்து பக்கம் புரட்டிக் கொடுப்பாள்.